ஒரு செப்புத் திருமேனிக்குப் பட்டியல் குறிப்பு எழுதுவது எப்படி

செப்புத் திருமேனிகளுக்கு, அதாவது உலோகத்தில் வார்த்த தெய்வச் சிலைகளுக்கு, குறிப்பு எழுதியும், எழுதச் சொல்லிக் கொடுத்தும்தான் என் உத்தியோக காலம் பெரும்பாலும் போனது. கலைக்கூட வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகத்தைப் படிக்கணும் அம்மா?" என்பதுதான். நான் புத்தகத்தைக் கையில் கொடுப்பதில்லை. பென்சில், தாள், டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, துணி டேப் ஆகியவற்றைக் கொடுத்து, ஒரு திருமேனியின் முன்னால் உட்காரச் சொல்வேன். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பேனா பக்கத்திலேயே வரக்கூடாது.

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "கருதுவது". இந்தக் கோடுதான் மொத்த வேலைக்கும் அடித்தளம்.

தஞ்சை அரண்மனைக்குள் 1951-இல் தொடங்கிய கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இருக்கிறார். கால்மாற்றி நிற்கிறார். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். ஒரு கை மடிந்து, எதன்மேலோ சாய்த்து வைத்ததுபோல நிற்கிறது. பார்த்தவுடன் எல்லோரும் "ரிஷபத்தின்மேல் கைவைத்து நிற்கிறார்" என்று எழுதிவிடுவார்கள். ரிஷபம் அங்கே இல்லையே! "கை மடிந்துள்ளது, கீழே தாங்கும் பொருள் இல்லை" என்பது இடப்பக்கம் போகட்டும். "தனியாக வார்த்த காளை பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்" என்பது வலப்பக்கம். நாளைக்கு வேறொருவர் வந்து உங்கள் வலப்பக்கத்தை மறுக்கலாம், திருத்தலாம். இடப்பக்கம் ஒழுங்காக இருந்தால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அப்புறம் அளவு. உயரம் என்று வெறுமனே எழுதாதீர்கள். பீடத்தோடு எவ்வளவு, பீடம் இல்லாமல் எவ்வளவு, திருவாசி (சிலையைச் சுற்றி நிற்கும் வளைவு) இருந்தால் அதோடு எவ்வளவு என்று தனித்தனியாக, சென்டிமீட்டரில் எழுதுங்கள். பழைய பட்டியல்களில் ஒரே சிலைக்கு இரண்டு உயரம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். காட்சிக்கூடத்தில் மக்கள் பார்க்கவே முடியாத இடம் அது. பின்தலைச் சக்கரம், சடை விழும் விதம், முப்புரிநூல் முதுகில் போகும் பாதை, இடைக்கட்டின் முடிச்சு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பீடத்தில் கழி செருகும் துளைகளோ வளையங்களோ இருந்தால், வீதியுலா போன மூர்த்தி என்று தெரிந்துகொள்ளலாம். பீடத்தைச் சுற்றி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து வரும். பச்சைக் களிம்பு மாவு மாவாக உதிர்கிறதா என்றும் கவனியுங்கள். உதிர்ந்தால் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வேதியியல் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். துடைக்கிறேன், கழுவுகிறேன் என்று யாரும் கைவைக்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் காகிதத்துக்குப் போகலாம். பதிவேட்டில் பதிவு எண்ணைத் தேடுங்கள். நம் கூடங்களில் உள்ள செப்புத் திருமேனிகளில் பல, மண்ணுக்கடியில் கிடைத்து 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டர் வழியாக வந்தவை. அதனால் பதிவேட்டின் ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்க வாய்ப்பு உண்டு. எந்த ஊர், யாருடைய நிலம், அதே குழியில் வேறு என்ன கிடைத்தது என்றெல்லாம் அதில் இருக்கும். மாவட்டப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். திருவெண்காடு முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்தது, பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனது, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். அன்றைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதே திருவெண்காட்டு அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஒரே ஊர்த் திருமேனிகள் இரண்டு கூடங்களில். உங்கள் கூடத்தை மட்டும் பார்த்து எழுதினால் பாதிதான் தெரியும். அடுத்த கூடத்துக்குக் கடிதம் எழுதுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். அந்தப் பயணப்படியைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம், அதுவும் ஆராய்ச்சிச் செலவுதான்.

காலம் கணிப்பதில் நான் கண்டிப்பானவள். ரிஷபவாகனருக்கு நாம் 1011 என்று துணிந்து எழுதுகிறோமென்றால், திருவெண்காட்டுக் கோயில் சுவரில் ராஜராஜன் காலக் கல்வெட்டு அவரைப் பற்றிச் சொல்வதால்தான். பக்கத்தில் நிற்கும் அம்மைக்கு 1012. இப்படி ஆண்டு தெரிந்த செப்புத் திருமேனிகள் மிகமிகக் குறைவு. மற்றவற்றுக்கெல்லாம் இவற்றை அருகில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறோம். ஆகவே "சோழர் காலம்" என்று மட்டும் எழுதிய குறிப்பை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தத் திருமேனியோடு, எந்த உறுப்பை, எந்த அணியை ஒப்பிட்டு அந்தக் காலம் வந்தது? அது வேண்டும்.

அலுவலகத்துக்கு வெளியே உள்ளவர்களையும் கேளுங்கள். சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஒருவரை வரவழைத்து ஒரு காலைப்பொழுது கூடத்தில் நடக்கவிட்டால், வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு உருவில் எது கத்தியால் வந்தது, வார்த்த பிறகு உளியால் எது செதுக்கப்பட்டது என்று காட்டிவிடுவார். என்னைப் பொறுத்தவரை எந்தப் பயிற்சிப் பட்டறையும் இதற்கு ஈடாகாது. கூடத்தில் காவலுக்கு நிற்பவர்களையும் அந்தக் காலைப்பொழுதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் திருமேனிகளோடு இருப்பவர்கள் அவர்கள்தான்.

படம் எடுப்பதும் வெளியிடுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். முன், பின், இரு பக்கம், முகம், கைகள், பீடம் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து எடுங்கள். பார்ப்பதற்கு அழகான படம் மட்டும் போதாது, அடையாளம் காட்டும் படம் வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரைக் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர் யாரென்று நிறுவினார்கள். 2014-இல் திரும்பி வந்தார். அந்தப் படம் எடுத்தவரின் பொறுமைக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்! வாங்குகிற கூடத்துக்கும் இதில் கடமை இருக்கிறது. இந்தப் பொருள் யார் யார் கைமாறி வந்தது, எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று குறிப்பில் எழுத வேண்டும். இடையில் விடுபட்ட ஆண்டுகள் இருந்தால் அவற்றையும் விடுபட்டவையாகவே காட்டுங்கள்.

வெளியிடப் பெரிய நூல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழும்பூர்த் திருமேனிகளுக்கு கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் எழுதிய பட்டியல் 1932-இல் வந்தது. அதே அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி சி. சிவராமமூர்த்தி எழுதியது 1942-இல். இரண்டும் அருங்காட்சியகத்தின் சொந்த வெளியீடுகள், இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம். ஆனால் அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நீங்கள் தமிழிலும் எழுதுங்கள். ஒரு திருமேனிக்கு நான்கு பக்கம் போதும். பதிவு எண், அளவுகள், கண்டது, கருதுவது, வந்த வழி, ஒப்பீடு, படங்கள், எழுதியவர் பெயர், எழுதிய தேதி. தேதி முக்கியம். திருத்தம் வந்தால் பழையதை அழிக்காமல், புதுத் தேதியோடு அடுத்த பதிப்பு போட வேண்டும். பிடிஎஃப் ஆக யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள்.

அச்சடித்த பிரதிகளில் ஒன்றைத் திருமேனி கிடைத்த ஊரின் நூலகத்துக்கும், ஒன்றைக் கோயிலுக்கும் அனுப்புங்கள். கூடவே, ஊர்க்காரர்கள் யாருக்காவது அந்தக் குழி தோண்டிய நாள் நினைவிருந்தால் எழுதச் சொல்லி, தபால்தலை ஒட்டிய ஓர் உறையையும் வையுங்கள்.