இன்யூட் மக்களோட கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட துருவத்தை ஒட்டின பனிப் பிரதேசத்துல வாழுற இன்யூட் மக்களோட கருவிகளைப் பத்தி எழுதுறவங்க பலரும் பண்ற முதல் தப்பு, எல்லாத்தையும் "வேட்டைக் கருவி"ன்னு ஒரே மூட்டையா கட்டிடுறது. வீட்டுக்குள்ள பொம்பளைங்க கையில இருந்த கருவிங்க இல்லன்னா வேட்டையாடி வந்தும் பிரயோஜனமே இல்ல, ஏன்னா தோலை உரிச்சு சுத்தம் பண்ணி துணி தைக்கணும், கறியை வெட்டணும், குளிர்ல உயிரோட இருக்கணும்.

உலு கத்தியையே எடுத்துக்கோங்க, பாதி நிலா வடிவம், கைப்பிடி பிளேடுக்கு நேர் மேல. அதை சாதா கத்தி மாதிரி முன்னும் பின்னும் இழுத்து அறுக்காதீங்க. கைப்பிடி நடுவுல இருக்கறதால கையோட அழுத்தம் நேரா வெட்டுற இடத்துல இறங்கும், அப்படியே ஆட்டி ஆட்டி வெட்டணும், ஒரு கை போதும், இன்னொரு கையால தோலைப் பிடிச்சுக்கலாம்.

குல்லிக் விளக்கை வெறும் விளக்குன்னு சொல்றது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். மாக்கல்லைக் குடைஞ்சு செஞ்சது, சீல்ங்கிற கடல் விலங்கோட கொழுப்பை நசுக்கி எடுத்த எண்ணெய், நேரான விளிம்பு நெடுக பருத்திப்புல் பஞ்சும் பாசியும் கலந்த திரி. வெளிச்சம், சூடு, சமையல், பனியை உருக்கி குடிதண்ணி, நனைஞ்ச துணியை காய வைக்கிறது, எல்லாம் இதுலதான். ஏத்தி வச்சுட்டு போயிடவும் முடியாது, ஒரு சின்னக் குச்சியால திரியை சரி பண்ணிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா புகை கிளம்பிடும்.

சீல் வேட்டைக்கான ஹார்பூனை ஈட்டின்னு எழுதாதீங்க. குத்தினதும் அதோட முனை தண்டுல இருந்து கழண்டு, தோலுக்கு அடியில குறுக்கா திரும்பி மாட்டிக்கும், முனையில கட்டின கயிறு வேட்டைக்காரர் கையில இருக்கும், அதனால சீல் தண்ணிக்குள்ள நழுவிப் போகாது.

எலும்பு, கொம்பு, மரத்துல செஞ்சு கண்ணுல மாட்டுற பனிக் கண்ணாடியும் அலங்காரம் இல்ல. அதுல இருக்கற குறுகலான கீறல்தான் பனியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைக் குறைச்சு கண்ணைக் காப்பாத்துது.

எல்லாத்தையும் "இருந்தது, பயன்படுத்தினாங்க"ன்னு இறந்த காலத்துல எழுதுறதுதான் பெரிய தப்பு. கனடாவோட நூனவுட்ல இன்னிக்கும் உலு சமையலறையில இருக்கு, பழைய ரம்பத்தோட இரும்புல கூட பிளேடு செய்றாங்க. கமுட்டிக் சறுக்கு வண்டியை இப்ப ஸ்னோமொபைல்ங்கிற மோட்டார் பனி வண்டி இழுக்குது, ஆனா குறுக்குக் கட்டைங்களை இன்னமும் கயித்தாலதான் கட்டுறாங்க, ஏன்னா மேடு பள்ளமான பனிக்கட்டி மேல வண்டி வளைஞ்சு கொடுக்கணும், ஆணி அடிச்சா உடைஞ்சு போயிடும்.