டூலாவுக்கு முன்பணம் கட்டும் முன் லேபர் வார்டில் கேளுங்கள்

சென்னையில் டூலாவாக வேலை பார்க்கிறேன். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை பக்கத்திலேயே இருந்து, இடுப்பை அழுத்திவிட்டு, உட்காரும் நிலையையும் படுக்கும் நிலையையும் மாற்றிவிட்டு, தைரியம் சொல்வது என் வேலை. மருத்துவம் பார்ப்பதில்லை. டூலா தேடி வரும் தம்பதிகளும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களும், நாங்கள் தொடங்கிய காலத்தில் எல்லோரும் செய்த தவறுகளையே இன்னும் செய்கிறார்கள். அனுபவம் உள்ளவரா, பேசினால் மனதுக்குப் பிடிக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே விசாரிப்பீர்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் என்று நம்புவது

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். இந்தப் பயத்தில்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள், அது நியாயமான பயம். வலி நேரம் முழுக்க ஒருவர் துணையிருந்தால் பலன் உண்டு என்பதும் உண்மைதான். 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பில், துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்தது. குறைந்தது, அவ்வளவுதான். குழந்தை குறுக்காக இருந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ டூலா என்ன செய்ய முடியும்? "என்னிடம் வந்தால் நார்மல்தான்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

மருத்துவமனையைக் கேட்காமல் டூலாவை அமர்த்துவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். பணம் போகிறது என்பதற்காக மட்டும் இல்லை. அந்தப் பெண் மாதக்கணக்கில் யாரை நம்பிக் காத்திருந்தாளோ, அவர் சரியான நேரத்தில் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு பெண், ஏழாம் மாதமே ஒரு டூலாவுக்கு முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டாள். டாக்டரிடம் ஓபியில் கேட்டபோது அவர், "பார்த்துக்கலாம்மா" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நள்ளிரவில் பனிக்குடம் உடைந்து போனபோது பணியில் இருந்தது வேறு டாக்டர். லேபர் வார்டு வாசலில், "ஒரு அட்டெண்டர்தான், அதுவும் சொந்தக்காரர்தான்" என்றார்கள். அம்மா உள்ளே போனார். உள்ளே செல்போனுக்கும் அனுமதியில்லை, அதனால் வெளியிலிருந்து டூலா ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. விடியும்வரை அவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பை எங்கே அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. அந்தப் பெண் பிறகு என்னிடம் பேசியபோது வலியைப் பற்றிச் சொன்னதைவிட, ஏமாந்துபோனதைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள்.

"பார்த்துக்கலாம்" என்பது அனுமதி இல்லை. உங்கள் டாக்டர் மனதாரச் சரி என்றாலும், வார்டுக்குள் யாரை விடுவது என்பதை நிர்வாகமும் வார்டு பொறுப்பு சிஸ்டரும் முடிவு செய்கிற இடங்கள் நிறைய. அதனால் இருவரிடமும் கேளுங்கள். கேட்கும்போது துல்லியமாகக் கேளுங்கள். டூலா கணவருடன் சேர்ந்து உள்ளே வரலாமா, அல்லது கணவருக்குப் பதிலாகவா? நள்ளிரவானாலும் அதே விதியா? வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியின்போது வெளியே அனுப்புவார்களா? சிசேரியன் என்று ஆகிவிட்டால் தியேட்டருக்குள் யாருக்கு அனுமதி? பதில் கிடைத்ததும் அதை உங்கள் கேஸ் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டருக்கு நீங்கள் ஓபியில் பேசியது தெரியாது, ஃபைலில் இருப்பதுதான் தெரியும். 34 வாரத்துக்குப் பிறகு ஒரு செக்கப்புக்கு டூலாவையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் அறிமுகப்படுத்திவிட்டால் இன்னும் நல்லது.

அரசு மருத்துவமனை என்றால் கணக்கு வேறு. பிரசவத் துணையை அனுமதிப்பதில் தமிழ்நாடு முன்னோடி. மத்திய சுகாதார அமைச்சகமும் 2016இல் அரசு மருத்துவமனைகளில் துணையை அனுமதிக்கச் சொன்னது. ஆனால் அந்த ஏற்பாடு வீட்டுப் பெண் ஒருவரை மனதில் வைத்துச் செய்தது. கட்டணம் வாங்கும் டூலாவை அந்த இடத்தில் ஏற்பார்களா என்பதை அந்தந்த வார்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் விரும்பும் துணையை அனுமதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததைக் காட்டிப் பேசலாம். வலி வந்தபிறகு வாசலில் நின்று பேசாதீர்கள், அப்போது அது எடுபடாது.

முடியாது என்று சொல்லிவிட்டால்? அது ஆறாம் மாதத்தில் தெரிந்தால் மருத்துவமனையை மாற்ற நேரம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளப் பல டாக்டர்கள் தயங்குவார்கள். மாற்ற விருப்பமில்லை என்றால், வலியின் ஆரம்பக் கட்டத்துக்கு வீட்டில் வந்து உடனிருக்க மட்டும் டூலாவை வையுங்கள், கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள். உள்ளே வரப்போவது அம்மாவோ அக்காவோ, அவருக்கு முன்கூட்டியே டூலா சொல்லிக்கொடுக்கட்டும். பின்னிடுப்பை எப்படி அழுத்துவது, வலிகளுக்கு நடுவே எப்படி ஓய்வெடுக்க வைப்பது, அடிக்கடி சிறுநீர் கழிக்க நினைவூட்டுவது, இதெல்லாம் ஓரிரு சந்திப்பில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

டூலாவாக வரும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். "எந்த மருத்துவமனையில் பிரசவம்?" என்பதுதான் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதைக் கேட்காமல் முன்பணம் வாங்குவது தவறு. தம்பதிகளே, முதல் சந்திப்பில் அதைக் கேட்காத டூலாவிடம் பணம் கட்டாதீர்கள்.

அம்மா வீட்டுக்குப் போவதை மறப்பது

வளைகாப்பு முடிந்து மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போகப்போகிறீர்கள் என்றால் சென்னை டூலா எதற்கு? அங்கே ஆள் கிடைக்கவில்லை என்றால் வீடியோ அழைப்பில் தயார்படுத்த மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

மாற்று ஆள் யார் என்று கேட்காதது

உங்கள் டூலாவுக்குக் காய்ச்சல் வரலாம், அதே இரவில் இன்னொரு பிரசவமும் இருக்கலாம். மாற்றாக வருபவரை முன்பே நேரில் பாருங்கள்.

டாக்டரை எதிர்த்துப் பேசுபவரைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் டூலாவுக்கென்று அரசுப் பதிவோ உரிமமோ கிடையாது. நர்சுகளுக்குக் கவுன்சில் பதிவு உண்டு, எங்களுக்கு இருப்பது பயிற்சிச் சான்றிதழ் மட்டும். ரத்த அழுத்தம் பார்ப்பது, உள்பரிசோதனை செய்வது, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு முடிவு சொல்வது எதுவும் எங்கள் வேலை இல்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்து, ஸ்கேன் வேண்டாம், வலி வரவழைக்க ஒத்துக்கொள்ளாதே என்று டூலா சொன்னால் அன்றோடு விலகிவிடுங்கள். "இது ஏன் அவசியம், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேள்" என்று உங்களைக் கேட்கத் தூண்டுபவர்தான் நல்ல டூலா. பதிலைக் கேட்டு முடிவெடுப்பது நீங்களும் டாக்டரும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்பவர்

வேண்டாம். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அந்த ரத்தப்போக்கை நிறுத்த மருந்து வேண்டும், ரத்தம் வேண்டும், அதைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும். டூலாவிடம் இந்த மூன்றும் இல்லை.

அம்மாவுக்கும் மாமியாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்வது

வலி வந்த இரவில், "இந்தப் பெண் யார்?" என்று அம்மா கேட்டால் அறைக்குள் இருக்கும் அமைதி போய்விடும். எட்டாம் மாதமே டூலாவை வீட்டுக்கு அழைத்து, எல்லோருடனும் உட்கார்ந்து பேச வையுங்கள். யார் என்ன செய்வது என்று அப்போதே பிரித்துக்கொள்ளலாம். நான் போகும் வீடுகளில் வெந்நீர், கஞ்சி, பையில் என்னென்ன எடுத்து வைப்பது என்பதெல்லாம் அம்மா பொறுப்பு. வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று குறித்துக்கொள்வது கணவர் பொறுப்பு. அப்புறம், பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுக்க உதவ வருவதும் அதே கட்டணத்தில் சேருமா, தனியா என்பதையும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.