டிரெய்லரின் கழிவுநீர்த் தொட்டி ஒழுகுகிறதா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், வீடு போன்ற பயண டிரெய்லரின் அடியில் ஈரம் தெரிந்ததும் தொட்டியே விரிசல் விட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பல நேரம் ஒழுகுவது குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையமோ, வால்வின் சீலோதான். தொட்டிகளைக் கழுவி, அடிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் சமையலறைத் தொட்டியில் நீலச் சாயம், கழிப்பறைத் தொட்டியில் சிவப்பு கலந்து நீர் நிரப்புங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூவை ஒற்றினால், எது ஒழுகுகிறது என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

விரிசல்தான் என்றால், ஏபிஎஸ் (ABS) என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த தொட்டிக்கு அதற்கான பசை பிடிக்கும். பாலிஎத்திலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் என்றால் சாதாரணப் பசை நிற்காது, சூட்டில் உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும்.

பழுது பார்த்த பிறகும் அதே இடம் ஒழுகுகிறதா? ஒவ்வொரு முறையும் பழுது பார்ப்பவரிடம் குறையைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். "சோதித்தோம், குறை இல்லை" என்று எழுதித் தந்தாலும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். உத்தரவாதம் கேட்கும்போது அதுவும் சாட்சிதான்.