படக்கதை எழுதுகிறீர்களா? முதலில் தாளை மடியுங்கள்

படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்ற கணக்கில் வருவதுதான் காரணம்.

கதையைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் 8 வெள்ளைத்தாளை அடுக்கி, நடுவில் மடித்து ஸ்டேப்ளர் போடுங்கள். 32 பக்கம் தயார். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் முதல் மூன்று நான்கு பக்கத்தை விட்டுவிட்டு, மிச்சத்தில் உங்கள் கதையின் வரிகளை வெட்டி ஒட்டுங்கள். பசை வேண்டாம், செலோடேப் போதும்; எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

எந்த வரி எந்தப் பக்கத்தில் என்பதையும் பாருங்கள். உதாரணத்துக்கு, “கதவைத் திறந்தாள்...” என்பது வலப்பக்கக் கடைசியில் நிற்கட்டும். உள்ளே இருக்கும் யானை, பக்கத்தைப் புரட்டிய பிறகே தெரியட்டும். இரண்டும் எதிரெதிரே வந்தால் குழந்தையின் கண் நேராக யானைக்குத்தான் போகும். அப்புறம் கதவை யார் கவனிப்பது?

படத்திலேயே தெரியும் சிவப்புச் சட்டையை வரியிலும் சொல்லியிருந்தால், அதை அடித்துவிடலாம்.