வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சலுக்கு என்ன செய்ய வேண்டும்?

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரகத்திலேயே குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் சிறுநீர் வழியாகச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து வாரக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். மாடு, நாய், பன்றியும் பரப்பும். அதனால் வயலில் இறங்குமுன் விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் நன்றாகப் பாருங்கள். சிறு கீறல் போதும், உள்ளே போய்விடும். புண்ணை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடி, முடிந்தால் பூட்ஸ் போடுங்கள். வாய்க்கால் நீரில் முகம் கழுவாதீர்கள், கண் வழியாகவும் நுழையும்.

இலங்கையில் நெல் விவசாயிகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இந்த நோய் வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை தருகிறார்கள். அவர்களிடமே கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். அப்புறம், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் இறங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள்.