மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு, மலைவழியாக

செங்கலடியில் ஏ5 வீதிக்குத் திரும்பினால், கரடியனாறு, புல்லுமலை தாண்டிச் செல்லும் காட்டோரப் பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு என்பதால், நன்றாக விடிந்த பின்னரே புறப்படுங்கள்.

முதல் தரிப்பிடம் மகா ஓயா வெந்நீர்க் கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடுவதால், வாளியில் அள்ளிய நீரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்த பின்னரே குளிக்கத் தொடங்க வேண்டும். குழந்தைகள் தாமாக அள்ளுவதற்கு இடமளிக்கவே கூடாது.

பதியத்தலாவையில் ஏ26 வீதிக்கு மாறி மகியங்கனையைக் கடந்தால் பதினெட்டு வளைவு வரும். பின்னால் விரியும் சமவெளியைப் பார்க்க விரும்புவோர், வளைவுக்குள் நிறுத்தாமல், வீதி அகன்ற இடத்தில் வாகனத்தை ஒதுக்க வேண்டும். திரும்பி இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வாருங்கள்.

நேரமிருந்தால், 2010இல் உலக மரபுரிமையான நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து பிரியும் ஒடுங்கிய வீதியில் சென்று வரலாம்; என் கணிப்பில், பெரிய வேனுக்கு அது உகந்ததல்ல.