அமெரிக்க வரலாறு படிக்கும் பிள்ளைக்கு உதவும்போது நாம் செய்யும் தவறுகள்

இங்கே அமெரிக்காவில் பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு யூஎஸ் ஹிஸ்டரி வந்ததும் நம் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஆண்டு, பெயர், சட்டம் என்று ஒரு பட்டியல் போட்டு உருப்போடச் சொல்கிறோம். நாம் அப்படித்தான் படித்தோம், முதலாம் பானிபட் போர் என்றால் 1526 என்று இன்றைக்கும் வாய் தானாகச் சொல்லும். இங்கே டீச்சர் கேட்பதோ வேறு: இது ஏன் நடந்தது, முன்பு நடந்த எது இதற்கு வழி விட்டது, நீ சொல்வதற்கு என்ன ஆதாரம்?

பிரிட்டனின் வரியை எதிர்த்து அமெரிக்கக் காலனி மக்கள் நடத்திய போராட்டமான பாஸ்டன் தேநீர் விருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "1773, வரியை ஏற்றினார்கள், தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்" என்று பிள்ளை ஒப்பித்தால் நாம் சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆனால் அந்த வருடம் வந்த சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கிக் கிடந்தது, அதைக் காப்பாற்ற நேரடியாகக் காலனிகளில் விற்கும் சலுகையை பிரிட்டன் கொடுத்தது, பழைய தேயிலை வரியை மட்டும் எடுக்கவில்லை. விலை குறைந்தும் ஏன் கோபம் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பிரதிநிதியே இல்லாத பாராளுமன்றம் எப்படி வரி போடலாம் என்ற கேள்விக்குப் பேச்சு வரும், அங்கிருந்து அச்சிட்ட காகிதங்களுக்கு வரி போட்ட 1765 ஸ்டாம்ப் சட்டத்துக்கும், பிரான்சோடு நடந்து 1763-ல் முடிந்த போரில் பிரிட்டன் பட்ட கடனுக்கும் தானாகப் போகும். இப்படிக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிற பிள்ளைக்கு ஆண்டுகளின் வரிசை தனியாக மனப்பாடம் செய்யாமலே நின்றுவிடும்.

அடுத்த தவறு, இதைவிடப் பெரியது: அந்தக் காலத்தவரே எழுதிய கடிதம், பேச்சு போன்ற மூல ஆவணங்களைத் தள்ளிவிட்டு யூட்யூப் சுருக்கத்தை மட்டும் பார்ப்பது. வீடியோ பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏபி பாடமாக எடுத்திருந்தால் தேர்வில் ஆவணக் கட்டுரை என்று ஒரு பகுதி உண்டு, 7 ஆவணங்களைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் ஒரு வாதத்தை எழுதச் சொல்வார்கள், மொத்த மதிப்பெண்ணில் அதுவே 25 சதவீதம். யார் எழுதினார், யாருக்காக, எந்த நேரத்தில், என்ன நோக்கத்தில் என்று பார்க்கப் பழகாத பிள்ளை அங்கே வெறும் சாராம்சத்தை எழுதிவிட்டு வந்துவிடும்.

பழக்குவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். உள்நாட்டுப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர். 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகவே சொன்னார். போரில் தோற்ற பிறகு அதே மனிதர், சண்டை மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்குமான அதிகாரத்தைப் பற்றியது என்று எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எப்போது யாரிடம் பேசுகிறார், இடையில் என்ன மாறியது என்று கேளுங்கள். உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறையா மாநில உரிமையா என்று வகுப்பில் விவாதம் வரும்போது, இந்த ஒன்றைப் பார்த்த பிள்ளை தடுமாறாது.

"இது நம்ம வரலாறு இல்லை, மேத்ஸைப் பார்" என்று பிள்ளை காதுபடச் சொல்வதையும் தயவுசெய்து விடுங்கள். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர், 1923-ல் அவருக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, காரணம் அவர் 'வெள்ளையர்' இல்லை என்பது. நம்மில் பெரும்பாலானோர் இந்த நாட்டுக்கு வர முடிந்ததற்கு 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்ததுதான் அடிப்படை. அதே வருடம்தான் கறுப்பின மக்களின் போராட்டத்தால் வாக்குரிமைச் சட்டமும் வந்தது, இரண்டும் ஒரே காலத்தின் காற்றில் பிறந்தவை. இதைப் பிள்ளையிடம் சொல்ல நாம் பாடப்புத்தகம் படித்திருக்க வேண்டியதில்லை.

தேர்வுக்கு முந்தின இரவில் முழு அத்தியாயத்தையும் படிக்க வைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வேலைக்கு ஆகாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாப்பிடும்போது கால் மணி நேரம் அந்த வாரப் பாடத்தை உங்களுக்கு விளக்கச் சொன்னால் போதும். உங்களுக்குத் தெரியாது என்பதே இதில் வசதி, நீங்கள் நிஜமாகவே கேள்வி கேட்பீர்கள்.

கடைசியாக, கட்டுரையை வாங்கி நாமே திருத்தி எழுதிவிடுவது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கை மீண்டும் நாட்டோடு இணைத்து, விடுதலையான கறுப்பினத்தவருக்கு உரிமை தர முயன்ற மறுசீரமைப்பு தோல்வி அடைந்தது என்று பிள்ளை ஒரே வரியில் எழுதியிருந்தால், வாக்கியத்தில் கை வைக்காமல், எதில் தோற்றது, எதில் தோற்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டராகப் போனார். 1877-ல் இரு கட்சிகளுக்குள் சமரசம் நடந்து, தெற்கில் மறுசீரமைப்பு கால மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற மத்திய அரசின் படைகள் விலகின, கறுப்பினத்தவரின் வாக்குரிமை மெல்ல மெல்லப் பறிபோனது. ஆனால் எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்று 1868-ல் அரசியலமைப்பில் சேர்த்த 14-வது திருத்தம் அழியவில்லை, 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு அதன் மேல்தான் நின்றது. இவ்வளவையும் பேசிவிட்டு பென்சிலைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள், அந்த முதல் வரியை அதுவே மாற்றி எழுதட்டும்.